வலக்கைக்குச் சொன்னது

விடிய ஐந்தரை. கிணற்றடியில்
நீயும் நானும் மட்டும்தான்.
வாளியைத் தூக்கு. ஒரு கை அள்ளி
முகத்தில் விடு. அவ்வளவு போதும்.
தேய்க்காதே,
இது அடிப்பிடித்த சட்டியில்லை.
கல்லுத்தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காவிட்டால்
அது தண்ணியின் பிடிவாதம்,
அதற்கு என் கன்னத்தில் பழிவாங்காதே.
துவாயால் ஒற்று.
ஒற்று என்றால் ஒற்று,
கடிதத்தில் முத்திரை ஒட்டுகிற அளவுக்கு.

இருபத்தேழு வயதுக்குப் பிறகு பரு வராது என்றவர்கள்
என் தாடையை வந்து பார்க்கட்டும்.
ஆறு இருக்கிறது.
ஏழாவது மூக்கோரம் நின்று
வரலாமா என யோசிக்கிறது.
நீ வழி காட்டாதே.

கஸ்தூரியார் வீதிப் பாமசியில்
மூன்றாம் தட்டு முழுக்க முகம்தான்:
கழுவ, பூச, வெளுக்க, மினுங்க.
போன மாசம் ஒரு அம்மா
கிறீம் பெட்டியைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.
அன்று பின்னேரம் முதலாளி அருமைத்துரையர்
"பிள்ளை, நீர் இனி இருமல் பாணிப் பக்கம் நில்லும்" என்றார்.
கோபமாகச் சொல்லவில்லை.
கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

இப்போது மூன்றாம் தட்டுக்கு ஜெனிற்றா.
குருநகர்ப் பெண், கழுவிய கோப்பை மாதிரி முகம்.
என்ன போடுகிறாய் என்று கேட்டால்
"ஒண்டும் போடுறேல்லை அக்கா" என்பாள்.
பொய்யென்றால் தாங்கிக்கொள்வேன்.
உண்மை.

இருமல் பாணிக்கு ஆள் குறைவு.
சும்மா இருக்கத் தெரியாத நீ
மெல்ல மெல்ல மேலே ஏறுகிறாய்,
மீன் வெட்டுகிற இடத்துக்குப் பூனை வருகிற மாதிரி.
காசுத்தாள், கதவுப்பிடி,
மோட்டார் சைக்கிளின் கறுத்த றப்பர்,
ஊரெல்லாம் தொட்டு முடித்து
என் தாடைக்கு வருகிறாய்.
நான் என்ன உனக்குக் கடைசித் தரிப்பிடமா?

ஆவணியில், மச்சாளின் கலியாணத்துக்கு முதல் நாள்
அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால்
நீ செய்த காரியம் நினைவிருக்கா?
அல்பம் முழுக்க நான்
இடப்பக்கம் திரும்பியே சிரிக்கிறேன்.
வலப்பக்கத்தில் இன்னும் இருக்கிறது
மிளகாய் விதையளவு தழும்பு.

நன்றி மறக்கவில்லை.
ஹெல்மெட்டின் உள்மெத்தையைக் கழற்றி
ஊறப்போட்டதும் நீதான்.
வாளித்தண்ணி பிளேன்ரீ நிறமாயிற்று.
ஒரு வருசமாய் அதைத்தான்
நெற்றியில் சூடிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.
மூன்று நாளுக்கொரு தலையணை உறை,
படுக்கமுன் போனின் கண்ணாடிக்கு ஒரு துடைப்பு,
தலைக்கு வைத்த எண்ணெய்
நெற்றிக்கு இறங்காமல் ஒரு துணிக்கட்டு.
வெளிக்கிடமுன்
இரண்டு விரல் நீளத்துக்கு வெய்யில் கிறீம்.
வெளுக்க இல்லை.
கறுப்பு என் நிறம், அதோடு எனக்கு வழக்கில்லை.
தழும்பு இன்னும் ஆழமாய்க் கறுக்கக்கூடாது,
அதற்கு மட்டும்.

நேற்று அந்த ரயர்க் கடைக்காரன்
மூன்றாம் தடவையும் இருமல் பாணி கேட்டான்.
முப்பது வயதிருக்கும். இருமல் இல்லை.
மிச்சக்காசை வாங்காமல் நின்றான்.
பிறகு, மூன்றாம் தட்டுக்குக் கேட்காத குரலில்
"உங்களுக்கு என்னத்துக்குக் குறைஞ்சது?" என்றான்.
"குறையேல்லையே" என்றேன்.
"முந்தி எட்டு இருந்தது" என்றான்.

எண்ணியிருக்கிறான்.

என்ன சொல்வதென்று தெரியாமல் நான் நிற்க
நீ உன் பாட்டில் தாடைக்கு ஏறினாய்.
அதே நேரம் அவன் கையும்
தாடிக்குள் ஒளித்துவைத்திருந்த ஒன்றைத் தேடி ஏறியது.
இரண்டு பேரும் பார்த்தோம்.
இரண்டு பேரும் இறக்கினோம்.
மேசையில் மிச்சக்காசுக்குப் பக்கத்தில்
நான்கு கைகளும் பரீட்சை மண்டபம் மாதிரி
ஒழுங்காக இருந்தன, கொஞ்ச நேரம்.
ஜெனிற்றா இருமினாள்.
பாணி அவளுக்குத்தான் தேவைப்பட்டது.

இரவு ஒன்பது. திரும்பவும் கிணற்றடி.
புழுதி, வியர்வை, வெய்யில் கிறீம்
எல்லாம் போகட்டும், மெதுவாக.
ஏழாவது வந்துவிட்டது.
தெரியும்.
தொடாதே.